இயேசு என்று ஒருவர் வாழ்ந்தாரா? வரலாற்றுச் சான்றுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் நெருங்கும்போது இரண்டு விதமான வாட்ஸ்அப் செய்திகள் சுற்றிவரும். "ரோமானியர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்கள், இயேசுவைப் பற்றி மட்டும் அவர் காலத்துப் பதிவு ஒன்றுகூட இல்லை, ஆகவே அப்படி ஓர் ஆளே கிடையாது" என்று ஒன்று முடியும். "புதிய ஏற்பாட்டுக்கு ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள் உண்டு, வேறெந்தப் பழைய நூலுக்கும் இவ்வளவு கிடையாது, ஆகவே அதில் உள்ளது அத்தனையும் நிரூபணமாகிவிட்டது" என்று இன்னொன்று முடியும். இரண்டும் தவறு. வரலாற்றாய்வில் "சான்று" என்றால் என்ன என்பதை இரண்டுமே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கின்றன.

கோடிக்கணக்கான மக்களின் நம்பிக்கையைத் தொடும் விஷயம் இது. அதனாலேயே கவனமாகப் பேச வேண்டும். நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் சான்றுகள் ஒன்றுதான். அவற்றைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

## மூன்று கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன

முதல் கேள்வி: முதல் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதியில், இயேசு என்ற பெயரில் ஒரு யூதப் போதகர் வாழ்ந்து சிலுவையில் இறந்தாரா?

இரண்டாவது: வாழ்ந்தார் என்றால், அவரைப் பற்றி நமக்கு என்னென்ன தெரியும்?

மூன்றாவது: அவர் கடவுளின் மகனா, உயிர்த்தெழுந்தாரா?

முதல் இரண்டும் வரலாற்றாய்வின் எல்லைக்குள் வருபவை. மூன்றாவது வராது. வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் நாத்திகர்கள் என்பதல்ல காரணம். பழைய எழுத்துகளையும் பொருள்களையும் வைத்து, வழக்கமாக நடக்கக்கூடியவற்றுள் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கணிப்பதுதான் அவர்கள் வேலை. அற்புதம் என்பதே வழக்கத்துக்கு மாறானது. அதை நிறுத்துப் பார்க்கும் தராசு அவர்களிடம் இல்லை.

மேலே சொன்ன வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்று மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்ற பதிலை வைத்துக்கொண்டு முதல் கேள்வியையும் மறுக்கிறது. மற்றது முதல் கேள்விக்கான "ஆம்" என்ற பதிலைக் கொண்டுபோய் மூன்றாவதிலும் ஒட்டப் பார்க்கிறது.

## சான்று எப்படி வேலை செய்கிறது

உங்கள் ஊரில் 150 வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு கொள்ளுத்தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, போட்டோ இல்லை. பேரன்மார் சொல்லும் கதைகளில் அவர் வெறுங்கையால் புலியை அடித்துக் கொன்றவர். கதை ஒவ்வொருவர் வாயிலும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. இப்படி ஒருவர் இருந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பரணில் ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது என்று வையுங்கள். எழுதியவர் அவருடைய பங்காளி. கடிதம் முழுக்க வரப்புத் தகராறு. நடுவில் ஒரு வரி: "பஞ்சாயத்தில் அவருடைய தம்பியைப் பார்த்தேன், அவனும் விட்டுக்கொடுக்கவில்லை." புலி பற்றி எதுவும் இல்லை. கொள்ளுத்தாத்தா இருந்தார் என்று நிரூபிக்க அந்தப் பங்காளி உட்காரவும் இல்லை. ஆனால் புலிக் கதைகள் எல்லாவற்றையும்விட இந்த ஒற்றை வரிக்கு மதிப்பு அதிகம். இல்லாத ஆளுக்குத் தம்பி இருக்க முடியாது. அந்தத் தம்பியோடு வரப்புக்காக யாரும் மல்லுக்கு நிற்கவும் முடியாது.

புலிக் கதை பொய் என்றால் தாத்தாவும் பொய் ஆகிவிட மாட்டார். தாத்தா உண்மை என்பதால் புலிக் கதை உண்மை ஆகிவிடவும் செய்யாது.

வரலாற்றாய்வின் அடிப்படை இவ்வளவுதான். எழுதியவர் நிகழ்ச்சிக்கு எவ்வளவு அருகில் இருந்தார், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாத இரண்டு பேர் ஒரே செய்தியைச் சொல்கிறார்களா, சொல்கிற செய்தி எழுதியவருக்குச் சாதகமா சங்கடமா என்பவற்றைத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாத சான்றுகளைத் தனித்த சான்றுகள் என்போம். எழுதியவருக்கே சங்கடம் தரும் செய்தியைச் சங்கடச் சான்று என்போம். அதை அவரே கற்பனை செய்து சேர்த்திருக்க வாய்ப்புக் குறைவு.

## "ஒரு பதிவும் இல்லையே" என்ற வாதம்

இயேசு உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றி எழுதப்பட்ட எதுவும் இன்று நம் கையில் இல்லை. அது உண்மைதான். அவர் தம் கையால் எழுதியதும் எதுவும் இல்லை. அதே காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதத் தத்துவ அறிஞர் ஃபைலோ நிறைய எழுதியிருக்கிறார். அவரும் இயேசுவைக் குறிப்பிடவில்லை.

ஆனால் மௌனம் எப்போது சான்றாகும்? கட்டாயம் பதிவாகியிருக்க வேண்டிய ஒன்று, அந்தப் பதிவுகளும் நமக்குக் கிடைத்திருக்கும் நிலையில், இல்லாமல் போனால் மட்டும்தான்.

பொந்தியு பிலாத்துவைப் பாருங்கள். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி அவர். வரி வசூலித்தார், படை வைத்திருந்தார், தண்டனை கொடுத்தார். பத்து வருட நிர்வாகத்தில் ஏராளமான கடிதங்களும் கணக்குகளும் எழுதப்பட்டிருக்கும். அந்த அலுவலகத்திலிருந்து ஓர் ஓலைகூட இன்று மிஞ்சவில்லை. அவர் வெளியிட்ட செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 1961-இல் செசரியா கடற்கரை நகரில் நடந்த அகழாய்வில் அவர் பெயர் பொறித்த உடைந்த கல் ஒன்று கிடைத்தது. மற்றபடி ஃபைலோ, ஜோசிஃபஸ், டாசிட்டஸ் போன்ற எழுத்தாளர்கள் சொன்னதும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி நூல்கள் சொன்னதும்தான். ஒரு மாகாணத்தை ஆண்டவருக்கே இதுதான் கதி என்றால், கலிலேயாவின் சிற்றூர்களில் மீனவர்களோடும் விவசாயிகளோடும் அலைந்த ஒரு கைவினைஞருக்கு ரோம ஆவணக் காப்பகத்தில் கோப்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ரோமாபுரி வரை கிறிஸ்தவச் சபைகளுக்குக் கடிதம் எழுதிய ஆதிகாலப் போதகர் பவுலைப் பற்றிக்கூட, கிறிஸ்தவர் அல்லாத முதல் நூற்றாண்டு எழுத்தாளர் யாரும் எழுதியதாக எதுவும் கிடைக்கவில்லை. பவுல் இருந்தார் என்பதை நாம் அவருடைய சொந்தக் கடிதங்களால் அறிகிறோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வரலாறு பதில் சொல்லக்கூடியது முதல் இரண்டு கேள்விகளுக்கு, சமகாலப் பதிவு இல்லாதது இயேசுவுக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை. இனி, இருக்கும் சான்றுகளுக்குப் போகலாம்.

## பவுலின் கடிதம்: விவாதங்களில் அதிகம் பேசப்படாத வலுவான சான்று

இணையச் சண்டைகளில் எல்லோரும் ஜோசிஃபஸைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் டாசிட்டஸை. எனக்கு அது எப்போதும் ஆச்சரியம். இருப்பதிலேயே மிகப் பழைய சான்றும், என் கணிப்பில் மிக வலுவான சான்றும், எல்லோர் வீட்டு வேதாகமத்திலும் இருக்கும் ஒரு கோபமான கடிதத்தில் இருக்கிறது.

பவுல் பெயரில் புதிய ஏற்பாட்டில் 13 கடிதங்கள் உள்ளன. அவற்றில் ஏழு அவரே எழுதியவை என்பதில் ஆய்வாளர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து இருக்கிறது: ரோமர், 1 மற்றும் 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன். இவை எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 50-களில். இயேசுவின் மரணத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கி.பி. 30 அல்லது 33 என்று வைக்கிறார்கள். அதாவது இருபது முப்பது வருட இடைவெளிதான்.

பவுல் இயேசுவை உயிரோடு பார்த்தவர் இல்லை. முதலில் இந்த இயக்கத்தைத் துன்புறுத்தியவர். பிறகு தமக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாகச் சொல்லி அதே இயக்கத்தில் சேர்ந்தார். கலாத்தியா பகுதியில் அவர் உருவாக்கிய சபைகளுக்கு வேறு சிலர் வந்து, "பவுல் சொல்வது சரியில்லை, நீங்கள் விருத்தசேதனம் செய்தாக வேண்டும்" என்று கற்பிக்கிறார்கள். (விருத்தசேதனம் என்பது ஆணுறுப்பின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு.) பவுலுக்குக் கோபம் வருகிறது. தன் போதனை மனிதரிடம் கற்றதில்லை, நேராக வெளிப்பாட்டில் வந்தது என்று வாதாடுகிறார். அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்க, எருசலேமில் இருந்த மூத்தவர்களோடு தனக்கு எவ்வளவு குறைந்த தொடர்பு என்று காட்ட வேண்டியிருக்கிறது. இங்கேதான் அந்த வரி வருகிறது. தரிசனம் கிடைத்து மூன்று வருடம் கழித்து எருசலேம் போனதாகவும், இயேசுவின் சீடர் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், "கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை"த் தவிர வேறு அப்போஸ்தலர் எவரையும் பார்க்கவில்லை என்றும் எழுதுகிறார். உடனே, இது பொய் இல்லை என்று கடவுள்மேல் ஆணையிடுகிறார்.

பவுலுக்கு இந்தச் சந்திப்பைச் சொல்வதில் ஆதாயம் ஒன்றும் இல்லை. சந்திக்கவே இல்லை என்று சொல்ல முடிந்தால்தான் அவர் வாதத்துக்கு நல்லது. ஆனால் எதிராளிகளுக்குத் தெரிந்த உண்மை என்பதால் மறைக்க முடியவில்லை. குறைத்துச் சொல்லப் பார்க்கிறார். இயேசு இருந்தார் என்று நிரூபிப்பது அவர் நோக்கத்திலேயே இல்லை. பரணில் கிடைத்த கடிதம் போன்றது இது.

இந்தச் சந்திப்பு நடந்தது, சிலுவை மரணத்துக்குப் பிறகு ஏறத்தாழ பத்து வருடத்துக்குள். ஒருவருடைய சகோதரனையும் நெருங்கிய சீடரையும் நேரில் பார்த்த ஒருவர் தம் கையால் எழுதிய குறிப்பு, பழங்காலத்து எளிய மனிதர் ஒருவருக்குக் கிடைப்பது அரிது.

"சகோதரன்" என்றால் ஆன்மிக அர்த்தத்தில்கூட இருக்கலாமே என்பது மறுப்பவர்கள் தரப்பின் பதில். கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்றுதானே அழைத்தார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் அதே இடத்தில் வரும் பேதுருவுக்கு அந்த அடைமொழி இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலும் பவுல், "மற்ற அப்போஸ்தலர்கள், கர்த்தருடைய சகோதரர்கள், கேபா" என்று தனித்தனியாகப் பிரிக்கிறார். கேபா என்பது பேதுருதான். எல்லா விசுவாசிகளும் அந்தப் பொருளில் சகோதரர் என்றால் இந்தப் பிரிவுக்கு அர்த்தமே இல்லை. உடன்பிறந்தவரா, பெரியப்பா சித்தப்பா மகனா என்பதில் கத்தோலிக்கர்களுக்கும் மற்றவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நம் கேள்விக்கு அது தடையில்லை. இரண்டுமே ரத்த உறவுதான்.

இது தவிர, இயேசு தாவீது வம்சத்தவர் என்று நம்பப்பட்டது, பெண்ணிடம் பிறந்தது, கடைசி இரவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தது, விவாகரத்தைத் தடுத்தது, சிலுவையில் இறந்தது என்று சில துணுக்குகள் பவுலிடம் சிதறிக் கிடக்கின்றன. அற்புதங்களையோ உவமைகளையோ அவர் சொல்வதில்லை. இது ஒரு குறைதான்.

## நற்செய்தி நூல்கள்: எப்படிப் படிப்பது

மாற்கு கி.பி. 70-ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் 80, 90-களிலும், யோவான் நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டவை என்பது பெரும்பான்மைக் கருத்து. நான்கு நூல்களும் தங்கள் ஆசிரியர் பெயரை உள்ளே சொல்வதில்லை; பெயர்கள் பிறகு மரபாக வந்தவை. இயேசு பேசியது அரமேயம். நூல்கள் கிரேக்கத்தில் உள்ளன. இடையில் நாற்பது ஆண்டு வாய்மொழி மரபு இருக்கிறது, அதாவது எழுத்துக்கு வருமுன் வாயால் சொல்லிச் சொல்லிக் கடத்தப்பட்ட செய்தி.

நான்கு நூல் என்பதால் நான்கு தனித்த சாட்சி என்று எண்ணக் கூடாது. மத்தேயுவும் லூக்காவும் மாற்கை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியவை. பல இடங்களில் கிரேக்கச் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும்.

அப்புறம் அந்த "ஆயிரக்கணக்கான பிரதிகள்" வாதம். பிரதிகள் அதிகம் இருந்தால், ஆசிரியர் முதலில் என்ன எழுதினார் என்பதை நன்றாக மீட்டெடுக்கலாம். எழுதியது நடந்ததா என்பதை அது காட்டாது. மான்செஸ்டரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் நற்செய்தியின் சில வரிகள் கொண்ட ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கிவிடும். பெரும்பாலும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அந்த நூல் அப்போதே எகிப்தில் படிக்கப்பட்டது என்று அது காட்டுகிறது. அந்த வரிகளில் வரும் பிலாத்துவின் விசாரணை அப்படியே நடந்தது என்று காட்டவில்லை.

சரி, அப்படியானால் நற்செய்தி நூல்களால் பயனே இல்லையா? நிறைய இருக்கிறது. அவை எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதுதான் வழி.

இயேசுவின் பிறப்பை எடுத்துக்கொள்வோம். மத்தேயு அதைப் பெரிய ஏரோதின் காலத்தில் வைக்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பான்மைக் கணக்கு. லூக்கா, குரேனியு சிரியாவை ஆண்டபோது நடந்த குடிமதிப்போடு இணைக்கிறார். அது நடந்தது கி.பி. 6-இல். இடையில் பத்து வருடம் இடிக்கிறது. மத்தேயுவில் குடும்பம் பெத்லகேமிலேயே இருக்கிறது, பிறகு எகிப்து வழியாக நாசரேத்துக்குப் போகிறது. லூக்காவில் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வந்துபோகிறது. இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது.

ஆனால் இந்த முரண்பாட்டுக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. மேசியா, அதாவது யூதர்கள் எதிர்பார்த்த அபிஷேகம் பெற்ற மீட்பர், தாவீதின் ஊரான பெத்லகேமில் பிறப்பார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இயேசுவோ நாசரேத்துக்காரர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது ஒரு சிற்றூர். பழைய ஏற்பாட்டில் அதன் பெயரே வராது. இயேசு முழுக்கக் கற்பனைப் பாத்திரமாக இருந்தால், அவரைப் பெத்லகேமிலேயே பிறந்து வளர்ந்தவராக எழுதிவிட்டிருக்கலாம். நாசரேத்து என்ற ஊரைச் சேர்த்து, பிறகு அதைச் சமாளிக்க இரண்டு வேறு வேறு பயணக் கதைகள் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஞானஸ்நானமும் இப்படித்தான். யோவான் ஸ்நானகன் பாவமன்னிப்புக்காக ஞானஸ்நானம் கொடுத்தவர். பாவமில்லாதவர் என்று நம்பப்பட்ட இயேசு அவரிடம் ஏன் போக வேண்டும்? மாற்கு தயங்காமல் சொல்லிவிடுகிறார். மத்தேயுவில் யோவானே, "நான் அல்லவா உம்மிடம் பெற வேண்டும்" என்று தடுக்கப் பார்க்கிறார். யோவான் நற்செய்தியில் ஞானஸ்நானக் காட்சியே இல்லை. காலம் போகப் போகச் சங்கடம் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது.

எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் சிலுவை. ரோமர்கள் அதை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தார்கள். சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதர்களுக்கு இடறல், கிரேக்கர்களுக்குப் பைத்தியக்காரத்தனம் என்று பவுலே எழுதுகிறார். ரோமின் பலத்தீன் குன்றில் கிடைத்த ஒரு பழைய சுவர்க் கிறுக்கலில், கழுதைத் தலையோடு ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று பக்கத்தில் கேலி எழுதியிருக்கிறது. வெற்றி வீரனாக வர வேண்டிய மேசியாவை இப்படி ஒரு சாவோடு யாராவது புனைந்து, அதை வைத்து மக்களை ஈர்க்கப் புறப்பட்டிருப்பார்களா?

சங்கடச் சான்றுக்கும் வரம்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நமக்குச் சங்கடமாகப் படுவது அவர்களுக்கு அப்படிப் பட்டிருக்காது. அதனால் தனியாக இதை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. பவுலும் மற்றவர்களும் சொல்வதோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

ஆக, நற்செய்தி நூல்கள் நீதிமன்ற வாக்குமூலங்கள் இல்லை. நம்பிக்கையாளர்கள் நம்பிக்கை பரப்ப எழுதியவை. அவை மறைக்க முடியாமல் விட்டுவைத்த இடங்களில்தான் வரலாறு அதிகம் கிடைக்கிறது.

## ஜோசிஃபஸும் இடைச்செருகலும்

ஜோசிஃபஸ் கி.பி. 37-இல் எருசலேமில் ஒரு குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். ரோமுக்கு எதிரான யூதப் போரில் தளபதியாக இருந்து, பிடிபட்டு, பிறகு ரோமில் குடியேறி எழுதினார். கி.பி. 93, 94-ஐ ஒட்டி முடித்த யூதர் வரலாற்றில் இயேசு இரண்டு இடங்களில் வருகிறார்.

முதல் இடம், 18-ஆம் புத்தகத்தில் உள்ள பத்தி, பெரும் சர்ச்சைக்குரியது. இயேசு ஒரு ஞானி, பிலாத்து அவரைச் சிலுவையில் அறையத் தீர்ப்பளித்தார் என்பதோடு நிற்காமல், "இவரே கிறிஸ்து", மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் சொல்கிறது. கடைசி வரை யூதராகவே இருந்தவர், மீட்பரைப் பற்றிய தீர்க்கதரிசனம் ரோமப் பேரரசர் வெஸ்பாசியனைக் குறித்தது என்று இன்னொரு நூலில் எழுதியவர், இதைச் சொல்லியிருக்க முடியாது. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன், ஜோசிஃபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று தெளிவாகச் சொல்கிறார். இந்தப் பத்தியை முதன்முதலில் மேற்கோள் காட்டுபவர் நான்காம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ். ஆகவே இங்கே இடைச்செருகல் நடந்திருக்கிறது: படியெடுத்தவர் யாரோ தம் கருத்தை மூலத்துக்குள் நுழைத்திருக்கிறார்கள். முழுப் பத்தியுமே போலி என்று சிலர் சொல்கிறார்கள். அடியில் ஜோசிஃபஸ் எழுதிய எளிய குறிப்பு ஒன்று இருந்தது, அதன்மேல் கிறிஸ்தவ வரிகள் ஏறின என்பது பெரும்பான்மையினர் கருத்து.

இரண்டாவது இடம், 20-ஆம் புத்தகத்தில். கி.பி. 62-இல் ரோம ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவர் அல்பினு வந்து சேராத இடைவெளியில், தலைமைக் குரு அனனஸ் சிலரைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறார். அவர்களில் ஒருவர், "கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரன், யாக்கோபு என்ற பெயருடையவன்." செய்தி அனனஸின் பதவி பறிபோனதைப் பற்றியது, இயேசு வெறும் அடையாளத்துக்காக வருகிறார். இயேசு என்ற பெயர் அன்று மிகச் சாதாரணம். அதே பகுதியில் தம்னேயுவின் மகன் இயேசு என்று இன்னொருவரும் வருகிறார். "கிறிஸ்து எனப்படும்" என்ற சொற்களும் செருகல்தான் என்று மறுப்பவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் கிறிஸ்தவர் ஒருவர் செருகியிருந்தால் "எனப்படும்" என்று ஒதுங்கி நின்று எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்.

கவனியுங்கள்: பவுல் சந்தித்த அதே யாக்கோபு. பவுலின் கடிதத்தைப் பார்த்து ஜோசிஃபஸ் எழுதியதாக எந்த அடையாளமும் இல்லை. கொலை நடந்தபோது ஜோசிஃபஸுக்கு ஏறத்தாழ 25 வயது. அந்த ஊர்க்காரர், அந்தக் குருக்கள் வட்டாரத்தைச் சேர்ந்தவர். இரண்டு தனித்த சான்றுகள் ஒரே மனிதரின் ஒரே உறவைச் சொல்கின்றன. 18-ஆம் புத்தகப் பத்தியை முழுசாகத் தூக்கி எறிந்தாலும் இது நிற்கும்.

## டாசிட்டஸும் பிளினியும்

ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கி.பி. 64-இல் ரோம் எரிந்ததையும் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டதையும் எழுதும்போது, இந்தப் பெயருக்குக் காரணமானவர் பேரரசர் திபேரியு ஆட்சியில் பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்கிறார். எழுதிய காலம் ஏறத்தாழ 116. கிறிஸ்தவர்கள்மேல் அவருக்கு வெறுப்பு. அதனால் இது கிறிஸ்தவச் செருகலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் தகவல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. பிலாத்துவின் பதவியை அவர் புரொக்யூரேட்டர் என்கிறார். செசரியாவில் கிடைத்த கல்லோ பிரிஃபெக்ட் என்கிறது. அரசு ஆவணத்தைத் திறந்து பார்த்து எழுதினார் என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது.

இன்றைய துருக்கியின் வடபகுதியை நிர்வகித்த பிளினி, ஏறத்தாழ 112-இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுவதாகச் சொல்கிறார். இது கிறிஸ்தவர்கள் இருந்ததற்குச் சான்று. இயேசுவுக்கு நேரடிச் சான்றாக இதை நீட்டுவது சரியில்லை.

## மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்

இயேசு வரலாற்று மனிதரே இல்லை, தொன்மப் பாத்திரம் என்ற கருத்தைத் தொன்மவாதம் என்று அழைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புரூனோ பாவர், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆர்தர் டிரூஸ், நம் காலத்தில் அமெரிக்காவின் ரிச்சர்ட் கேரியர் ஆகியோர் இதை முன்வைத்தவர்கள். இதை ஏற்கும் ஆய்வாளர்கள் மிகக் குறைவு. கடவுள் நம்பிக்கையைக் கைவிட்ட புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பார்ட் எர்மன் போன்றவர்களும் இயேசு வாழ்ந்தார் என்றே உறுதியாக வாதிடுகிறார்கள். ஆகவே இது ஆத்திகருக்கும் நாத்திகருக்குமான சண்டை இல்லை.

அவர்களுடைய வலுவான கேள்வியை மதிக்க வேண்டும்: பவுல் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்? பவுலின் இயேசு முதலில் வானுலகில் மட்டும் இருந்த ஒருவர், பிறகு மாற்கு அவருக்கு மண்ணில் ஒரு வாழ்க்கை எழுதினார் என்பது அவர்கள் விளக்கம். ஆனால் பவுல் எழுதியவை வாழ்க்கை வரலாறுகள் இல்லை. சபைச் சண்டைகளைத் தீர்க்கும் கடிதங்கள். அதோடு, வானுலகில் மட்டும் இருந்தவருக்கு எருசலேமில் ஒரு சகோதரன் எப்படி என்ற இடத்தில் அந்த விளக்கம் முட்டிக்கொள்கிறது.

பொதுவெளியில் சுற்றும் வாதங்கள் இவ்வளவு தரமானவை இல்லை. எகிப்தியக் கடவுள் ஹோரஸ், ரோமர்கள் வணங்கிய மித்ரா இருவரும் டிசம்பர் 25-இல் பிறந்தவர்கள், அதைக் காப்பியடித்தார்கள் என்பார்கள். நற்செய்தி நூல்களில் பிறந்த தேதியே கிடையாது. டிசம்பர் 25 என்பது நான்காம் நூற்றாண்டுப் பதிவில்தான் தெளிவாகத் தெரிகிறது. 325-இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தில் இயேசுவை உருவாக்கினார்கள் என்பார்கள். அங்கே பேசப்பட்டது, இயேசு பிதாவுக்குச் சமமா என்ற ஆரியஸ் சர்ச்சை. பவுலின் கடிதங்களுக்கு அப்போதே 270 வயது.

இந்தியாவோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையும் உண்டு. இயேசு இளமையில் இங்கே வந்து கற்றார் என்று லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஒரு சுவடி இருப்பதாக நோட்டோவிச் என்ற ரஷ்யப் பயணி 1894-இல் எழுதினார். அடுத்த வருடமே ஜே. ஆர்க்கிபால்ட் டக்ளஸ் என்ற பேராசிரியர் அங்கே போய்த் தலைமை லாமாவைக் கேட்டார். அப்படி ஒரு சுவடி இல்லை என்று லாமா மறுத்துவிட்டார்.

## மண்ணுக்கடியில் கிடைத்தவை

தொல்லியல் தருவது பெரும்பாலும் பின்னணி. 1968-இல் எருசலேமின் வடபகுதியில் யெகோகனான் என்பவரின் எலும்புகள் கிடைத்தன. குதிகால் எலும்பில் ஆணி அப்படியே இறங்கியிருந்தது. சிலுவையில் அறையப்பட்டவரின் உடலைக் குடும்பம் வாங்கி அடக்கம் செய்வது அந்தக் காலத்தில் சாத்தியமாக இருந்தது என்று அது காட்டியது. இயேசுவைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை.

நேரடிச் சான்று என்று விளம்பரமானவற்றை எச்சரிக்கையோடு பாருங்கள். இயேசுவின் உடலைச் சுற்றியது எனப்படும் டூரின் நகரத்துப் புனிதத் துணியின் காலத்தை 1988-இல் கார்பன் முறையில் கணித்தபோது 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று வந்தது. "யாக்கோபு, யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன்" என்று பொறித்த எலும்புப் பேழை 2002-இல் உலகச் செய்தியானது. மோசடி வழக்கு நடந்து, 2012-இல் குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தது. பொறிப்பு உண்மையானது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அது எங்கே தோண்டி எடுக்கப்பட்டது என்பது தெரியாதவரை அதைச் சான்றாக வைக்க முடியாது.

## எது உறுதி, எது இன்னும் விவாதம்

கலிலேயாவின் நாசரேத்தைச் சேர்ந்த ஒரு யூதர், யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார், சீடர்களைச் சேர்த்தார், கடவுளின் அரசு பற்றிப் போதித்தார், பஸ்கா பண்டிகையை ஒட்டி எருசலேமில் பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் இறந்தார். இதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. இறந்த பிறகு அவரைக் கண்டதாகச் சீடர்கள் உளமார நம்பினார்கள் என்பதையும் வரலாறு சொல்லும். அப்படிக் கண்டவர்களின் பட்டியல் ஒன்றைப் பவுல் தருகிறார், அதைத் தமக்கு முன்னிருந்தவர்களிடமிருந்து பெற்றதாகவே எழுதுகிறார். அவர்கள் கண்டது என்ன என்ற இடத்தில் வரலாறு நின்றுவிடும்.

பிறந்த ஆண்டு, இளமைக்காலம், எத்தனை வருடம் போதித்தார் என்பவை உறுதியில்லை. இறந்த நாளிலேயே சிக்கல் இருக்கிறது: மாற்கின்படி பஸ்கா விருந்து உண்ட மறுபகல், யோவானின்படி அந்த விருந்துக்கான ஆடுகளை அறுத்த நாள்.

இன்று ஆய்வாளர்கள் உண்மையில் மோதிக்கொள்வது, அவர் சொன்ன கடவுளின் அரசு எது என்பதில். உலகமே விரைவில் தலைகீழாக மாறப்போகிறது என்று அறிவித்த இறுதிக்காலத் தீர்க்கதரிசி அவர் என்று ஒரு பெரிய தரப்பு சொல்கிறது. 1906-இல் ஆல்பர்ட் சுவைட்சர் இதை வலுவாக முன்வைத்தார். அந்த அரசு இப்போதே உங்கள் நடுவில் இருக்கிறது என்ற லூக்காவின் வாக்கியத்தையும், விதை, புளித்த மாவு உவமைகளையும் காட்டி, அவர் பேசியது நிகழ்காலத்தில் வாழும் முறையை என்று மற்றொரு தரப்பு சொல்கிறது. எனக்கு முதல் தரப்பே வலுவாகத் தெரிகிறது. இங்கே நிற்பவர்களில் சிலர் சாகுமுன் கடவுளின் அரசைக் காண்பார்கள் என்ற வாக்கை மாற்கு விட்டுவைத்திருக்கிறார். தெசலோனிக்கேயில் சிலர் இறந்துபோனபோது மற்றவர்கள் கலங்கினார்கள். பவுல் அவர்களுக்கு ஆறுதல் எழுத வேண்டியிருந்தது. ஆண்டவர் மீண்டும் வருமுன் தங்களில் யாரும் சாவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.